நிச்சயம் முடிந்து முகூர்த்தம் வரை: என்ன பேசுவது, எதைக் கவனிப்பது

பல வருடங்கள் குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகராக வேலை பார்த்தேன். இப்போது மதுரையில், நிச்சயம் முடிந்த பிள்ளைகளோடு மட்டும் உட்கார்ந்து பேசுகிறேன். பையனும் பெண்ணும் சேர்ந்து வருவார்கள். சில நேரம் பெண் மட்டும் தன் மதினியைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்துக்குக் காத்திருக்கிற எல்லோருக்கும் இது பயன்படும்.

கோர்ட்டில் பிரிய வந்தவர்களிடம் நான் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. நிச்சயத்துக்கு அப்புறம் கல்யாணம் வரைக்கும் என்ன பேசிக்கிட்டீங்க? "டெய்லி பேசினோம் மேடம், ராத்திரி ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும்" என்பார்கள். என்ன பேசினீர்கள் என்று மறுபடி கேட்டால் இரண்டு பேருக்குமே ஞாபகம் வராது. மூன்று, நான்கு மாதம் கையில் இருந்திருக்கிறது. ஜாதகம் பார்த்தாயிற்று, சம்பளம் விசாரித்தாயிற்று, குடும்பம் எப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்டாயிற்று, இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று அந்த மாதங்களைக் கழித்திருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியதே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. நீங்கள் ஒன்று சொன்னால் அந்த மனிதர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார்? அவர் ஒன்று சொன்னால் நீங்கள் எப்படி வாங்கிக்கொள்கிறீர்கள்? ஒருவர்மேல் ஒருவருக்குப் பிடிப்பு உண்டாவதும், அது வருடக்கணக்கில் நிற்பதும் பெரும்பாலும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் சமந்தா ஜோயலும் அவரோடு நிறைய ஆய்வாளர்களும் 2020-ல் ஒரு பெரிய வேலை செய்தார்கள். 43 தனித்தனி ஆய்வுகளில் இருந்த 11,000-க்கும் அதிகமான ஜோடிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து, உறவில் திருப்தியாக இருப்பவர்களை எது அதிகம் அடையாளம் காட்டுகிறது என்று கணினியை வைத்துத் தேடினார்கள். தனி மனிதரின் குணம், வயது, வருமானம் போன்றவற்றைவிட, அந்த உறவைப் பற்றிய விஷயங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாகக் காட்டிக்கொடுத்தன. இவர் என்னை விட்டுவிட மாட்டார் என்ற நம்பிக்கை, என் அருமை இவருக்குத் தெரிகிறது என்ற நினைப்பு, தாம்பத்தியத்தில் திருப்தி, சண்டை எவ்வளவு வருகிறது என்பது, இவைதான் முன்னால் நின்றன. மேட்ரிமோனி தளத்தில் கட்டம் கட்டமாக நிரப்புகிறோமே, அதில் இவற்றுக்கு ஒரு கட்டமும் கிடையாது. இருக்கவும் முடியாது, இரண்டு பேரும் பழக ஆரம்பித்த பிறகுதான் இவை பிறக்கவே செய்கின்றன.

"ஒண்ணும் தோணலயே மேடம்"

பெண் பார்த்த அன்றைக்குப் பிடித்ததா என்று கேட்டால், "ஒண்ணும் தோணல, நல்லவராத்தான் தெரியுது" என்று சொல்கிற பெண்கள் ஏராளம். பையன்களும் இதையே சொல்கிறார்கள், ஆனால் வீட்டார் வெளியே போய்க் கதவு சாத்தின பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோய் வருகிறவர்களும் உண்டு.

ஒன்றும் தோன்றாமல் இருப்பது சாதாரணம். பழகப் பழகப் பிடிக்கும் என்று பாட்டிமார் சொல்வதற்கு ஆய்வில் ஆதாரம் இருக்கிறது. 1968-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர், முன்பின் தெரியாத முகங்களின் போட்டோக்களைச் சிலவற்றை ஓரிரு முறையும் சிலவற்றை 25 முறை வரையும் காட்டினார். அதிகம் பார்த்த முகம் அதிகம் பிடித்தது. 1992-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நான்கு பெண்களை ஒரு வகுப்பில் மாணவிகள் போல உட்காரவைத்தார்கள். ஒருத்தி ஒருநாளும் போகவில்லை, மற்றவர்கள் 5, 10, 15 முறை என்று போனார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பருவம் முடிந்ததும் போட்டோவைக் காட்டிக் கேட்டால், அதிக முறை வந்த பெண்ணையே மாணவர்கள் அதிகம் பிடித்ததாகச் சொன்னார்கள். அவளை முன்பே பார்த்திருக்கிறோம் என்பதுகூட அவர்களில் அநேகருக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த விதி எல்லா இடத்திலும் செல்லாது, இதைப் பெரியவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். முதல் பார்வையிலேயே வெறுப்பு வந்திருந்தால், திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைக் குறைப்பதில்லை. சில ஆய்வுகளில் கூடவே செய்திருக்கிறது. அதனால் உங்களுக்குள்ளே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். மனது வெறுமையாக இருக்கிறதா, அல்லது உடம்பு கூசுகிறதா? போன் அடித்தால் சும்மா இருக்கிறதா, அல்லது வயிற்றைப் பிசைகிறதா? வெறுமைக்கு நாள் கொடுக்கலாம். கூச்சமும் பயமும் என்றால் "கல்யாணத்துக்கு அப்புறம் சரியாயிடும்" என்று யாரும் சொல்ல வேண்டாம். மனதில் வேறொருவர் இருந்தாலும், எதிர்பாலினத்தின் மேல் ஈர்ப்பே இல்லாத இயல்பாக இருந்தாலும் இதே பேச்சுதான். அதை நாள் மாற்றாது. பத்திரிகை அடிக்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் இரண்டு பேருக்கும் நியாயம்.

காதல் கல்யாணத்தைவிடப் பார்த்துச் செய்த கல்யாணத்தில் அன்பு பின்னால் வளரும் என்று மேடைகளில் பேசுவதற்கு ஒரு மூலம் உண்டு. 1982-ல் ஜெய்ப்பூரில் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் 50 தம்பதிகளிடம் செய்த ஆய்வு அது. காதலித்துக் கட்டியவர்களின் அன்பு தொடக்கத்தில் அதிகமாக இருந்து வருடம் போகக் குறைந்ததாகவும், பார்த்துக் கட்டியவர்களிடம் அது கூடியதாகவும் வந்தது. சிறிய ஆய்வு. 2012-ல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் கேட்டபோது இரண்டு வகைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே, பார்த்துச் செய்வதாலேயே அன்பு தானாக வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். வருவதற்கு நீங்கள் செய்ய வேண்டியது இருக்கிறது.

போனை எடுத்ததும்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். நத்தம் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள், நர்ஸ். பையன் ஓசூரில் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முந்தின நாள் ராத்திரி பேசியதை அப்படியே சொல்லச் சொன்னேன்.

"சாப்ட்டீங்களா?"
"சாப்ட்டேன். நீ?"
"ம். என்ன சாப்பாடு?"
"மெஸ்ல தோசை. நீ?"
"உப்புமா."
"அப்புறம்?"
"நீங்கதான் சொல்லணும்."

"இதுக்கு மேல என்ன பேசன்னு தெரியல மேடம். வச்சிரலாம்னா அவர் கோவிச்சுக்குவாரோன்னு இருக்கு" என்றாள்.

சாப்பாட்டுப் பேச்சை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் அக்கறையைச் சொல்ல அதைவிட இயல்பான ஆரம்பம் கிடையாது. ஆனால் கிடைத்த பதிலுக்குள் யாருமே நுழையவில்லை. அவன் "மெஸ்ல தோசை" என்ற இடத்தில் எவ்வளவோ இருந்தது. எந்த ஷிஃப்ட் முடித்து வந்தான், யாரோடு சாப்பிட்டான், அந்த மெஸ் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா. அவள் "உப்புமா" என்றதில் அதைவிட அதிகம். வழக்கமாக அம்மாதான் டிபன் செய்வாள். அன்று அம்மாவுக்கு முட்டிவலி. டூட்டி முடிந்து வந்து இவளே கிண்டியிருக்கிறாள். அவனுக்கு இது எதுவும் தெரியாது, கேட்கவில்லை, அவளாகவும் சொல்லவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பதில் வந்தால், அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு முறை அப்படி உள்ளே போன பிறகுதான் நம் கதைக்கு வர வேண்டும். சில வாரம் கழித்து அவர்கள் பேச்சு இப்படி இருந்தது:

"உப்புமாவா? என்ன, அம்மாவுக்கு இன்னும் வலி கொறையலயா?"
"கொறையல. நான்தான் வந்து கிண்டுனேன்."
"டூட்டி முடிச்சா? எத்தன மணிக்கு வந்த?"
"எட்டரை ஆச்சு. பஸ் கெடைக்கல."
"டாக்டர்கிட்ட காட்டலயா?"
"கூப்ட்டா வர மாட்டேங்கிறாங்க."
"எங்கம்மாவும் அப்படித்தான். நான் என்ன பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனேன் தெரியுமா?"

அதே உப்புமாதான். இப்போது அவனுக்கு அவள் வீட்டு நிலைமை தெரியும், அவளுக்கு அவன் தன் அம்மாவை எப்படி வைத்திருக்கிறான் என்பது தெரியும். யாரும் யாரையும் பேட்டி எடுக்கவில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதுமணத் தம்பதிகளை வீடு போல அமைத்த ஓர் ஆய்வறையில் தங்கவைத்துக் கவனித்தார். பெரிய சண்டைகளைவிட அவர் அதிகம் கண் வைத்தது சின்னச் சின்ன அழைப்புகளில். ஜன்னல் பக்கம் நின்று ஒருவர் "அங்க பாரேன்" என்கிறார். மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா, பேப்பரிலேயே கண்ணை வைத்திருக்கிறாரா, "சும்மா இரு" என்று எரிந்து விழுகிறாரா? ஆறு வருடம் கழித்துச் சேர்ந்தே இருந்தவர்கள், அப்படிப்பட்ட அழைப்புகளில் 100-க்கு 86-க்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33-க்குத்தான். கோர்ட்டில் என் எதிரே உட்கார்ந்தவர்கள் சொன்னதும் இதைத்தான். "அடிக்கல, குடிக்கல மேடம். நான் பேசினா காதுலயே போட்டுக்க மாட்டார்."

ஒரு வாரம் அமைதியாகக் கவனியுங்கள். நீங்கள் போகிற போக்கில் ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னால் அவர் அதைத் தொடுகிறாரா? நாளைக்கு ஸ்கேன் என்று சொன்னீர்கள், மறுநாள் அவராக "ஸ்கேன் என்னாச்சு?" என்று கேட்டாரா? பரீட்சை வைக்கிற மாதிரி பொறி வைக்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்தவர் "ம்" என்று மட்டும் சொன்னால் அதை எண்ணிக்கையில் சேர்க்கவும் வேண்டாம். பல நாட்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். அதே தராசில் உங்களையும் வைத்துப் பாருங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி இரண்டு மணி வரை பேசுவதை அன்பு என்று எண்ண வேண்டாம். மறுநாள் காலை ஊசி போட வேண்டிய நர்ஸ் தூங்க வேண்டும். இருபது முப்பது நிமிடம், இரண்டு பேருக்கும் தோதான வேளையில், ஸ்பீக்கரில் போடாமல், பக்கத்தில் சித்தியும் கொழுந்தனும் இல்லாமல். வீட்டில் தனியாகப் பேச இடம் இல்லையென்றால் மொட்டை மாடி, இல்லையென்றால் வேலை முடிந்து நடந்து வரும் தெரு.

கனமான விஷயங்களை எடுப்பது

கேள்விப் பட்டியல் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கடன் இருக்கா, தனிக்குடித்தனமா, குழந்தை எப்போ, முன்னாடி லவ் இருந்துச்சா என்று வரிசையாகக் கேட்பார்கள். எதிரே இருப்பவருக்கு இன்டர்வியூவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பதில் வரும், ஆனால் கேட்கிறவருக்கு ஏற்ற பதிலாக வரும்.

வழி என்னவென்றால், முதலில் நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள், பிறகு மறுபடி நீங்கள். அமெரிக்க உளவியலாளர் சூசன் ஸ்ப்ரெக்கர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் அறிமுகமில்லாதவர்களை ஜோடி ஜோடியாகப் பேசவைத்தார். சில ஜோடிகளில் ஒருவரே தன்னைப் பற்றிச் சொல்லி முடிக்க மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு மாற்றிக்கொண்டார்கள். மற்ற ஜோடிகள் ஆளுக்கு ஒன்றாக மாறி மாறிச் சொன்னார்கள். மாறி மாறிச் சொன்னவர்களுக்குத்தான் ஒருவரை ஒருவர் அதிகம் பிடித்தது. இதற்கு முன்பு, 1997-ல், ஆர்தர் ஆரன் 36 கேள்விகளை மூன்று அடுக்காக அமைத்து, லேசானதில் ஆரம்பித்து ஆழமானதற்குப் போகும்படி வைத்தார். முக்கால் மணி நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் நெருக்கமாக உணர்ந்தார்கள். அந்தக் கேள்விகளை அப்படியே எடுத்துப் போட வேண்டியதில்லை. வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நாள்பொழுது, அப்புறம் வளர்ந்த வீடு, அப்புறம் பணம், உடம்பு, பயம்.

பணத்தை இப்படி ஆரம்பிக்கலாம்: "எனக்குப் படிப்புக் கடன் இன்னும் மூணு வருஷம் ஓடும். சம்பளத்துல கால்வாசி அதுக்கே போயிருது. உங்க பக்கம் எப்படி?" பெற்றோருக்கு மாதாமாதம் கொடுப்பதையும் இதே மாதிரி: "அப்பாவுக்கு நான்தான் அனுப்புறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் அனுப்பணும்னு இருக்கு. நீங்க என்ன நெனக்கிறீங்க?" இதைச் சொல்லப் பெண்கள் தயங்குகிறார்கள். கோர்ட்டுக்கு வந்த சண்டைகளில் இந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்ததால் அழுத்திச் சொல்கிறேன், இதைத் தாலி ஏறுவதற்கு முன் பேசிவிடுங்கள். தங்கச்சி கல்யாணச் செலவு யார் தலையில், வீட்டுக் கடன் யார் பெயரில், கல்யாணத்துக்குப் பிறகு வேலை எந்த ஊரில், குழந்தைக்கு எவ்வளவு நாள் பொறுப்பது, தைராய்டு, சர்க்கரை, வலிப்பு என்று தினமும் மாத்திரை எடுக்கிற ஏதாவது உண்டா, எல்லாமே இதே கணக்கில் வரும்.

பழைய காதலைச் சொல்லலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்றைக்கும் தொடர்கிற எதையும் சொல்லியாக வேண்டும். முடிந்துபோனது என்றால், இருந்தது, முடிந்தது என்ற அளவு போதும் என்பது என் கருத்து. பெயர், ஊர், போட்டோ என்று தோண்டிக்கொண்டே போகிறவரிடம், "அது முடிஞ்சிருச்சு, அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பதிலை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதே உங்களுக்கு நிறையச் சொல்லும்.

நல்ல செய்தி சொன்னால் என்ன நடக்கிறது

கஷ்டத்தில் கூட நிற்பவரே நல்ல துணை என்றுதான் நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். சந்தோஷத்தில் கூட நிற்பதற்கு அவ்வளவு மரியாதை கொடுப்பதில்லை. ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஜோடிகளை ஒரு நல்ல விஷயத்தையும் ஒரு கெட்ட விஷயத்தையும் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். பிற்பாடு உறவு நன்றாக இருந்ததா, முறிந்ததா என்பதோடு அதிகம் பொருந்திப்போனது, நல்ல செய்திக்குத் துணைவர் காட்டிய முகம்தான்.

அந்த நர்ஸுக்கு ஐசியூ இன்சார்ஜ் பொறுப்பு கொடுத்தார்கள். போனில் சொல்கிறாள். எதிர்முனையில் வரக்கூடியவை நான்கு.

"அட! எப்பச் சொன்னாங்க? எல்லார் முன்னாடியுமா? நீ என்ன சொன்ன?"

"ம், நல்லது."

"ஐயோ, அப்போ நைட் டூட்டி ஜாஸ்தியாகுமே. கல்யாணத்துக்கு அப்புறம் எப்படி?"

"சரி, அந்தப் பத்திரிகை மாடல் அனுப்புனேனே, பாத்தியா?"

முதலாவது மட்டும்தான் பிடிப்பை வளர்க்கிறது. அதில் பாராட்டு வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள், வெறும் கேள்விகள்தான். அவள் அந்த நிமிடத்தை இன்னொரு முறை வாழ்ந்து சொல்ல இடம் கொடுக்கிறது. இரண்டாவதும் நான்காவதும் அவள் சந்தோஷத்தை அணைத்துவிடுகின்றன. மூன்றாவதை நம் வீடுகளில் அக்கறை என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கவலையில் நியாயம் இருக்கலாம். நைட் டூட்டியைப் பற்றிப் பேசத்தான் வேண்டும், அதை நாளைக்குப் பேசுங்கள். இன்றைக்கு அவள் நாள்.

இந்தப் பையன் சொன்னது மூன்றாவது வகை. அவள் முகம் சுருங்கிவிட்டது என்று போனில் அவனுக்கு எப்படித் தெரியும்? நான் இரண்டு பேரையும் வைத்து அதே பேச்சை இன்னொரு முறை பேசச் சொன்னேன். "யார் சொன்னது உங்கிட்ட?" என்று அவன் கேட்டதும் அவள் மேட்ரன் குரலில் பேசிக் காட்ட ஆரம்பித்தாள், அவன் சிரித்தான். இப்படிப் பழகிக்கொள்ள முடிகிற விஷயம்தான் இது. முதலில் வரவில்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள். சொல்லிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

ஒரு "வேண்டாம்" சொல்லிப் பாருங்கள்

நிச்சயமான பிறகு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது மரியாதை என்று இருக்கிறோம். முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு கருத்து வேறுபாடாவது வந்து, அதை இரண்டு பேரும் கடந்திருக்க வேண்டும். கல்யாண வேலையில் அதற்கா பஞ்சம்? முகூர்த்தப் பட்டு அரக்கா, பச்சையா. போட்டோ ஷூட் வேண்டுமா. வரவேற்பில் பாட்டுக் கச்சேரியா. உண்மையிலேயே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை, "எனக்கு இது வேணாம்னு தோணுது, ஏன்னா..." என்று காரணத்தோடு சொல்லுங்கள். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று ஆளைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். பேச்சு எப்படி ஆரம்பிக்கிறதோ பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கோபம் வரலாம், அதில் தப்பில்லை. காட்மன் நான்கு விஷயங்களை ஆபத்து என்கிறார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், "நான் என்ன பண்ணேன்" என்று தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்வது, பேச்சை அடைத்துக்கொண்டு சுவர் போல உட்காருவது. இவற்றில் இளக்காரம்தான் மிகவும் கெட்டது, என் அனுபவமும் அதுதான். உங்கள் இங்கிலீஷை நண்பர்கள் முன்னால் கிண்டல் செய்வது, "உங்க ஊர்ல இதெல்லாம் எங்க பாத்திருப்பீங்க" என்பது, அப்பாவின் தொழிலை வைத்துச் சிரிப்பது. தமாஷுக்குச் சொன்னேன் என்பார்கள். "எனக்கு அது வலிச்சுச்சு, இனிமே வேணாம்" என்று ஒரு முறை நேராகச் சொல்லுங்கள். அதோடு நிறுத்துகிறவர் நல்ல துணையாக வரக்கூடியவர். மறுபடி செய்கிறவரைப் பற்றி நீங்கள் வீட்டில் பேச வேண்டும்.

சண்டைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் அதிக விஷயம் இருக்கிறது. யார் முதலில் போன் செய்தார்? "சரி, விடு" என்று மூடினாரா, அல்லது "நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று எடுத்துப் பேசினாரா? எப்போதும் ஒருவரே இறங்கி வருகிறார் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்கும்போது

போனில் மட்டும் பழகினால் போதாது. பேச்சில் மட்டும் தெரிந்தவரின் உடல் அருகாமை நமக்கு எப்படி இருக்கிறது என்பது நேரில்தான் தெரியும். ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதாவது செய்வது கூச்சத்தைப் போக்கும். ஆர்தர் ஆரனும் குழுவினரும் 2000-ல் தம்பதிகளைக் கை கால்களைச் சேர்த்துக் கட்டி, ஒரு தலையணையைக் கையால் தொடாமல் இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகச் சொன்னார்கள். ஏழே நிமிடம். சும்மா ஒரு வேலையைச் செய்தவர்களைவிட இவர்கள் தங்கள் உறவைப் பற்றி நிறைவாகச் சொன்னார்கள். மதுரைப் பிள்ளைகளை நான் அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறச் சொல்வேன். மூச்சு வாங்கும்போது ஒருவர் மற்றவருக்காக நிற்கிறாரா, பிரசாதத்தைக் குரங்கு பிடுங்கினால் கத்துகிறாரா சிரிக்கிறாரா, வாட்ச்மேனிடமும் கடைக்காரப் பாட்டியிடமும் எப்படிப் பேசுகிறார், எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். துணைக்கு அண்ணனோ தம்பியோ வந்தால் வரட்டும், பத்தடி தள்ளி நடக்கச் சொல்லுங்கள்.

பரபரப்பான நாளில் தோன்றுவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 1974-ல் டட்டனும் ஆரனும் கனடாவின் வான்கூவர் அருகே, 70 மீட்டர் பள்ளத்துக்கு மேலே ஆடுகிற கபிலானோ தொங்குபாலத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாலத்தில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்தாள். வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு கூப்பிட்டார்கள். ஆடாத, தாழ்வான பாலத்தில் வாங்கிய 16 பேரில் இரண்டு பேர்தான். பயத்தில் அடித்த நெஞ்சை அந்தப் பெண்மேல் வந்த ஈர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் விளக்கம். அதில் குறை சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஆனாலும் ட்ரோன் பறக்க, மேக்கப் போட்டு, இருபது பேர் சுற்றி நின்று கைதட்டும் போட்டோ ஷூட்டில் வருகிற படபடப்பைக் காதல் என்று எழுதிக்கொள்ளாமல், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரைப் பார்க்கப் போகும்போது மனது எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

நிறுத்த வேண்டியிருந்தால்

எங்கே இருக்கிறாய் என்று நாளெல்லாம் கேட்டு லொகேஷனும் போட்டோவும் ஆதாரம் கேட்பது. போன் பாஸ்வேர்டு கேட்பது. தோழிகளோடு பேசாதே என்பது. மிரட்டுவது. உங்களுக்கு விருப்பமில்லாத படங்களை அனுப்பச் சொல்வது. நிச்சயத்துக்குப் பிறகு புதிதாகப் பணமோ வண்டியோ கேட்பது. 1961-ன் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதே குற்றம். இவற்றில் எதுவும் "அவ்வளவு பிரியம்" என்ற கணக்கில் வராது. முன்னால் சொன்ன கேள்வி கேட்கும் பயிற்சி எதுவும் இவற்றைச் சரிசெய்யாது.

"நிச்சயம் ஆயிருச்சே, ஊர் என்ன பேசும்" என்று அம்மா அழுவாள். இந்து திருமணச் சட்டப்படி கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் பொதுவாக விவாகரத்து மனுவே போட முடியாது. இருவரும் சம்மதித்தாலும் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பின் இன்னும் ஆறு மாதம். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊர் பேச்சு ஒரு மாசி மாதம் வந்தால் அடங்கிவிடும். கோர்ட் வராந்தாவில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் உங்கள் பேச்சைக் கேட்கக்கூடிய ஒருவரை முதலில் பிடியுங்கள். பெரும்பாலும் அது தாய்மாமனாகவோ மூத்த அக்காவாகவோ இருக்கும். "பிடிக்கல" என்று மட்டும் சொன்னால் சமாதானப்படுத்துவார்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: "போன வாரம் போன்ல இப்படிச் சொன்னார், நான் வேணாம்னு சொல்லியும் மறுபடி ரெண்டு தடவ சொன்னார், மெசேஜ் இருக்கு." மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். அந்தப் பக்கத்துக்கு நீங்களே சொல்வதானால் ஒரே ஒரு முறை, நீட்டாமல்: "இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்னு முடிவு பண்ணியிருக்கேன். பெரியவங்க உங்க வீட்ல பேசுவாங்க." பயமாக இருந்தால் நீங்கள் சொல்லவே வேண்டாம், மாமா பேசட்டும். வீட்டிலேயே யாரும் கேட்கவில்லை, கட்டாயப்படுத்துகிறார்கள் என்றால் பெண்களுக்கான 181 உதவி எண் இருக்கிறது, எந்த நேரத்திலும் கூப்பிடலாம். போட்ட மோதிரம், கொடுத்த புடவை, மண்டப அட்வான்ஸ் கணக்கையெல்லாம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து எழுதித் தீர்த்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் நீங்கள் உட்கார வேண்டியதில்லை.